ரம்பச் சத்தம்

வன அதிகாரிக்குப் பழங்குடி மக்கள்மேல் அத்தனை அக்கறை! காட்டுக் காவலுக்குப் போயிருந்தவர்களைக்கூட விடாமல் வரவழைத்து, மரங்களில் மாட்டிய புதுக் கருவியின் அருமை பெருமைகளை மணிக்கணக்காக மைக்கில் விளக்கிக்கொண்டிருந்தார். ரம்பச் சத்தம் கேட்டால் அது போனில் அலறுமாம்.

காவல் குழுத் தலைவியின் போன் அலறியது. கருவி வேலை செய்ததில் அதிகாரிக்கே அதிர்ச்சி.

"சார், ஆத்தோரக் காட்டுல ரம்பச் சத்தம்!"

"பதறாதம்மா, அது என் பேச்சுதான். நான் போடுற ரம்பம் மெஷினுக்கே தாங்கல!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதிகாரியும் மைக்கை அணைத்துவிட்டுச் சிரித்தார்.

தலைவி சிரிக்கவில்லை. போன் இன்னும் அலறிக்கொண்டிருந்தது.

"நீங்க அறுக்கறத நிறுத்திட்டீங்க சார். அப்படியே அங்க இருக்கிற உங்க ஆளுங்களையும் நிறுத்தச் சொல்லுங்க."