செவலை யார் பக்கம்

நல்லகண்ணு மாமா மைதானத்தின் நடுவில் செவலையின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். ஒரு கோடியில் அப்பா நின்றார். எதிர்க்கோடியில் தென்னந்தோப்பு ராஜமணி.

மாமா தன் மகனோடு திருப்பூருக்குக் குடிபோகிறார். கோம்பை நாயைக் காசுக்கு விற்கக் கூடாது என்பது அவர் கட்சி. கூப்பிட்டதும் யாரிடம் போகிறதோ, அவர்களுக்கே நாய்.

அப்பாவுக்கு அது திராட்சைத் தோட்டத்துக் காவலுக்கு வேண்டும். பந்தல் காலில் கட்டப் புதுச் சங்கிலிகூட வாங்கிவிட்டார். அளந்து பார்த்தேன், நாலடி. ராஜமணி இதுவரை எந்த நாயையும் கட்டிப்போட்டதில்லை.

பழக்கும் பொறுப்பு என்னுடையது. என்னிடம் பழகிய நாய் தன்னிடம் எப்படி வரும் என்று அப்பா கேட்டார். அதற்கு வழி இருக்கிறது என்றேன்.

மாலை டேலி கணக்கு வகுப்புக்குப் பேருந்து ஏறும் முன், மாமா வீட்டுக் கொல்லையில் தினமும் பத்து நிமிடம். இருபத்தாறு நாள். நேரம், தூரம், எத்தனைக்கு எத்தனை முறை வந்தது, எல்லாம் எழுதிவைத்தேன். ஒருமுறைதான் கூப்பிட வேண்டும். வந்தால் உடனே ஒரு துண்டு கருவாடு. எதற்காகவும் திட்டக் கூடாது.

கடைசி மூன்று நாள் பத்துக்குப் பத்து.

இருந்தும் சந்தேகம் போகவில்லை. கூட்டத்துக்கு நடுவே பழக்கவில்லையே? மழை பெய்த பதினோராம் நாளைக் கணக்கில் சேர்த்தது சரியா?

அப்பா கூப்பிட்டார். "செவல, இங்கன வா."

செவலை அவரைப் பார்த்தது. உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டது.

அப்பா மறுபடியும் கூப்பிட்டார். ஒருமுறைதான் என்று அவரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருந்தேன்.

அடுத்து ராஜமணியின் முறை. எதைப் பேசுவதற்கு முன்னும் அவருக்குத் தொண்டையைக் கனைத்துக்கொள்ள வேண்டும். கனைத்தார்.

அடுத்த சொல் வருவதற்குள் செவலை அவர் காலடியில் நின்றது.

"நான் இன்னும் கூப்பிடவே இல்லயேய்யா," என்றார் ராஜமணி, ஏதோ தப்புச் செய்தவர்போல.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். செவலை அவருடைய வேட்டி மடிப்பை முகர்ந்து முகர்ந்து எதையோ தேடிக்கொண்டிருந்தது.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா சொன்னார்.

"இருபத்தாறு நாளு கருவாட்டத் தின்னுட்டு உன்னயவே ஏமாத்திப்புடுச்சே ஆத்தா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மொட்டைமாடிக்குப் போய்க் கைபேசியை எடுத்தேன். அழிக்க வேண்டிய ஒலிப்பதிவு ஒன்று இருந்தது. இரண்டே வினாடி. டீக்கடை பெஞ்சில் பேப்பரைப் புரட்டியபடி ராஜமணி கனைப்பது.

கடைசியாக ஒருமுறை போட்டுக் கேட்கலாமா என்று யோசித்தேன்.

வேண்டாம். தோப்பு அவ்வளவு தூரமில்லை, செவலைக்குக் கேட்டுவிடும்.