பன்னிரண்டாவது பெட்டி

"இந்த வீட்டுல மேஜையில உட்கார்ந்து சாப்பிடறது நாமளா, உங்க பெட்டிங்களா? இன்னிக்கு எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்!"

மனைவி தட்டும் கையுமாக நின்றாள். சாப்பாட்டு மேஜையில் உள்ளங்கை அகலத்துக்குக்கூட இடம் இல்லை. மொத்தம் பன்னிரண்டு பழைய கம்ப்யூட்டர்கள். மடியில் வைத்துத் தட்டுகிற இந்தக் காலத்துச் சமாச்சாரம் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டு டி.வி.யில் சொருகி, டேப் ரெக்கார்டரில் கேசட் போட்டு ஓட்டிய நாற்பது வருஷத்துப் பெட்டிகள். கேசட் ஓடும்போது அது போடுகிற கீச்சுச் சத்தத்தில் தெருநாய்கூட எழுந்து போய்விடும்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணுதாம்மா பாக்கி," என்றார் கணவர், வயர் பற்றவைக்கிற சால்டரிங் அயர்னிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஏழு மாசமா இதே பாட்டுதான்."

"பதினொண்ணு பொழைச்சு எழுந்திருச்சே, அதைப் பாரேன்!"

"எதைப் பார்க்கிறது? பழுப்பேறின மூடிக்கெல்லாம் முடி வெளுக்கிற க்ரீமைத் தடவி மாடியில வெயில்ல வெச்சீங்களே, அதையா? கடைக்காரம்மா, 'அத்தனை டப்பா வாங்கிட்டுப் போறாரே, அவர் தலையில வெளுக்க என்ன இருக்கு?'ன்னு என்னைக் கேக்கறாங்க. காய் அலசற சல்லடையில கீபோர்டு பொத்தானையெல்லாம் சோப்புப் போட்டு அலசினீங்களே, அதையா?"

கணவர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு சிரித்தார். அவர் ஒரு தொழிற்சாலையின் சரக்கு அறைக்கு முப்பத்தாறு வருஷம் மேற்பார்வையாளராக இருந்தவர். ஓய்வு பெற்று இரண்டு மாதம் ஆனபோதுதான், பழைய சாமான்காரர் ஒருவர் ஏதோ ஒரு பள்ளிக்கூடம் கழித்துக் கட்டிய இந்தப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருவில் கூவியபடி வந்தார்.

அன்றைக்கு மனைவி வாசலை மறித்துக்கொண்டு போட்ட கூச்சல் கொஞ்சநஞ்சமில்லை. "ஒண்ணுகூட உள்ள வரக்கூடாது! இது வீடா, குப்பைக் கிடங்கா?" என்றாள். அவ்வளவுதான், மனுஷருக்கு வீம்பு வந்துவிட்டது. பத்தே நிமிஷத்தில் பன்னிரண்டும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டன.

"என்னவோ பண்ணுங்க," என்று அவள் அடுப்படிக்குப் போனாள்.

அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்ததில் போட உப்பு டப்பாவை எடுத்தாள். டப்பாமேல் பாதி கிழிந்த ஒரு சீட்டு: 'உப்பு. வரிசை 2, இடம் 4.' அவர் ஓய்வு பெற்ற புதிதில் ஒட்டியது. எவ்வளவு தேய்த்தாலும் போகமாட்டேன் என்கிறது.

"ஏம்மா! ஓடி வா, ஓடி வா!"

கரண்டியோடு ஓடினாள். டி.வி. திரை முழுக்க நீலம். நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"பன்னிரண்டாவதும் ஓடுது! உள்ள கப்பாசிட்டர்னு ஒரு குட்டி உருளை ஒழுகி, போர்டுல தலைமுடி கனத்துக்கு இருந்த செப்புக் கோட்டை அரிச்சுத் தின்னிருக்கு. ஏழு மாசமா என் கண்ணுல படாம டிமிக்கி குடுத்துருக்கு பாரேன்! மேல ஒரு வயரைப் பத்த வெச்சேன். பொழைச்சுக்கிச்சு!"

இரண்டு கூட்டல் இரண்டு என்று தட்டினார்.

"நாலு! பார்த்தியா, நாலுன்னு சொல்லுது!"

"என்னைக் கேட்டிருந்தா ஏழு மாசத்துக்கு முன்னாடியே சொல்லியிருப்பேனே."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் சால்டரிங் அயர்னின் பிளக்கைப் பிடுங்கி, வயரை நிதானமாகச் சுற்றி வைத்தார்.

"இதோட சரிம்மா. விட்டுட்டேன்."

"என்னது?"

"நீ தினம் தினம் கத்தறப்ப காதுல விழாத மாதிரி இருந்தேனே தவிர, எல்லாம் மனசுல விழுந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. பாவம், நீயும் எவ்வளவுதான் பொறுத்துப்பே? எல்லாத்தையும் கட்டிப் பரண்ல ஏத்திடறேன். நாளையிலருந்து நான் உன் பக்கம். காய் நறுக்கறதிலருந்து பாத்திரம் அடுக்கற வரைக்கும் அடுப்படியில உன்கூடவே நிக்கிறேன். போதுமா?"

அவளுக்குக் கண்கள் நிறைந்துவிட்டன. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"அட அசடு! சந்தோஷமான விஷயத்துக்குப் போய் அழுவாங்களா?" என்று அவள் தோளைத் தட்டினார்.

"மாடியில துணி காயுது. எடுத்துட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு அவள் விறுவிறுவென்று படியேறினாள். மாடிக்குப் போனதும் துணியைத் தொடவில்லை. போனை எடுத்துப் பழைய சாமான்காரரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, பன்னிரண்டாவதும் ஓடிருச்சுப்பா."

"ஐயையோ! பொழைக்கவே பொழைக்காததாப் பார்த்துப் பொறுக்கித்தானேக்கா கொண்டு வந்தேன்!"

கீழே அடுப்படியிலிருந்து கணவரின் குரல் கணீரென்று வந்தது. "ஏம்மா! முதல் வரிசையில இருக்க வேண்டிய சர்க்கரை எப்படி மூணாவதுக்குப் போச்சு?"

"கேட்டியா? நாளைக்குன்னு சொன்னவரு இப்பவே ஆரம்பிச்சுட்டாரு," என்றாள் அவள், போனையும் வாயையும் சேர்த்துக் கையால் மறைத்துக்கொண்டு. "இந்தத் தடவை இருபது பெட்டி வேணும், ஒண்ணுலகூட உயிர் இருக்கக் கூடாது. போன தடவை மாதிரியே நீயா வர்ற மாதிரி தெருவுல கூவிக்கிட்டு வா. நான் வாசல்ல நின்னு 'ஒண்ணுகூட உள்ள வரக்கூடாது'ன்னு கத்துவேன், கோவிச்சுக்காதே தம்பி, அப்பத்தான் அவரு வாங்குவாரு."