முந்திரிக்காட்டு முனி

ஆன்லைன் கல்லூரியின் கதைசொல்லல் வகுப்பில் தினம் ஒருவர் நாட்டார் கதை ஒன்றைத் தேடிக் கொண்டுவர வேண்டும். சொன்னவர் பெயர் இல்லாவிட்டால் மார்க் கிடையாது. அது பேராசிரியர் காசிநாதனின் சட்டம்.

அன்று வளர்மதியின் முறை. "ஆண்டிமடம் முந்திரிக்காட்டுல ஒரு முனி இருக்காம் சார். கணக்குல ஃபெயிலான பசங்களை மட்டும் மறிச்சு, ரேங்க் கார்டைப் புடுங்கிக்குமாம்."

காசிநாதன் இருமினார். "சரி சரி, அடுத்த ஆள் வாங்க."

"சார், சொன்னவங்க பேரைக் கேக்கலயே!" என்றாள் மாணவி பாக்யலட்சுமி.

"எங்க மாமியார் பொன்னுத்தாய்தான் சொன்னாங்க. அவங்க மகன் அந்த முனியை நேர்லயே பாத்தாராம்" என்றாள் வளர்மதி.

"அவரைப் பேட்டி எடுத்தீங்களாக்கா?"

"எங்க எடுக்குறது? பக்கத்து ரூம்ல உக்காந்து நமக்குக் கிளாஸ் எடுத்துக்கிட்டிருக்காரே!"