மாவு தள்ளும் மரத்துண்டு

ஆட்டுக்கல்லில் மாவாட்ட இரண்டு கையும் வேண்டும். வலக்கை குழவியைச் சுற்றும். ஓரத்தில் ஏறுகிற மாவை இடக்கை குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். நஞ்சப்பன் முதலில் செய்த கிரைண்டரில் வலக்கையின் வேலை மட்டும்தான் இருந்தது. மோட்டார் உரலைச் சுழற்றியதும் மாவெல்லாம் விளிம்பில் ஏறி ஒட்டிக்கொண்டது. குழவி வெறும் கல்லை உரசியது. மூன்று மாதம் அவன் மோட்டாரைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்தான். இருபது வருஷம் மாவாட்டிய அவன் மனைவி வேலாத்தாள், ஒரு மரத்துண்டைச் செதுக்கி, உரலின் உள்சுவரைத் தொடும்படி கம்பியில் மாட்டினாள். மாவு குழவிக்கு அடியில் திரும்பி வந்தது.

பொருட்காட்சியில் பரிசுச் சீட்டில் பெயர் எழுதும் முன் நடுவர் அந்த மரத்துண்டைத் தொட்டார். "இது யாரோட யோசனை?"

"எல்லாமே நானுங்க. அது சும்மா ஒரு குச்சி. இல்லாட்டியும் ஓடும்," என்றான் நஞ்சப்பன்.

"ஓடுமுங்களா?" என்றாள் வேலாத்தாள். மரத்துண்டைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

"ஏ புள்ள, கூட்டத்துல என்ன வெளையாட்டு? மாட்டு அதை."

"குச்சிதானுங்களே. ஓட்டிக் காட்டுங்க, ஐயா பாக்கட்டும்."

நடுவர் பேனாவை மூடிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கூட்டம் நெருங்கி வந்தது. நஞ்சப்பன் ஸ்விட்சைப் போட்டான். மாவு விளிம்பை நோக்கி ஏறத் தொடங்கியது. சிரித்த முகம் மாறாமல், சுற்றுகிற உரலுக்குள் அவன் இடக்கையை விட்டான்.