செப்புத் தகடு

மிதித்தாள்.

பெடல் இறங்கவில்லை. கல்லை மிதிப்பது போல இருந்தது.

"நல்லா அழுத்துங்கம்மா" என்றார் பிரேக் இன்ஸ்பெக்டர், திறந்திருந்த பானட்டுக்குப் பின்னாலிருந்து.

மிதிக்க வேண்டிய போலீஸ்காரர் டீ குடிக்கப் போய்விட்டார். அதனால் செத்தவன் சீட்டில் அவன் பெண்டாட்டியை ஏற்றி உட்கார வைத்திருந்தார்கள்.

இரண்டு காலாலும் மிதித்தாள்.

கொல்லிமலை இறக்கத்தில் அவனும் இப்படித்தான் மிதித்திருப்பான்.

அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டினான் என்று ஸ்டேஷனில் எழுதி வைத்திருந்தார்கள். எதிரே ஜீப்பில் வந்த இரண்டு பேரும் பிழைக்கவில்லை. அவர்கள் வீட்டார் இவள் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினார்கள். குடிகாரன் என்றார்கள். அவன் டீகூட அதிகம் குடிக்காதவன்.

மூன்று மாதம் மனுவோடு அலைந்தாள். வண்டியை இன்னொரு முறை பாருங்கள். அவ்வளவுதான் கேட்டாள்.

"காலை எடுக்காம ஸ்டார்ட் பண்ணுங்க. பிரேக்குக்குப் பலம் குடுக்குற பூஸ்டர் நல்லா இருந்தா பெடல் தானா கீழ போகும்."

சாவியைத் திருப்பினாள். இஞ்சின் பிடித்தது.

பெடல் அசையவில்லை.

எங்கோ உஸ்ஸென்று காற்று இழுத்தது.

"கேக்குதாம்மா? பூஸ்டருக்குப் போற ரப்பர் ஹோஸ் ஓட்டை. மிதிச்சாலும் வண்டி நின்னிருக்காது. உங்க வீட்டுக்காரர் மேல தப்பே இல்ல."

அழுதாள். மூன்று மாதத்தில் முதல்முறையாக நிம்மதியாக அழுதாள்.

அவர் ஹோஸைத் தடவிக்கொண்டே போனார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"அடப்பாவி! மந்திரிச்ச தகட்டக் கொண்டாந்து ஹோஸ்ல கம்பி போட்டு இறுக்கியிருக்கான். வண்டி ஆட ஆட ரப்பரை அறுத்துருச்சு."

ஆடி அமாவாசையன்று, அவன் அசந்து தூங்கும்போது, வண்டிக்குக் காவலென்று அவள்தான் கட்டினாள். அவனுக்குத் தகட்டில் நம்பிக்கை கிடையாது. கழன்று விழுந்துவிடக் கூடாதென்று நான்கு சுற்றுச் சுற்றி முறுக்கினாள்.

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். அவருக்கு நிஜமாகவே கோபம் வந்திருந்தது.

"மூணு உசுரும்மா. எவன் கட்டுனான்னு சொல்லுங்க, பேரைப் போட்டே எழுதுறேன்."

ஸ்டேஷன் கேட்டுக்கு வெளியே அந்த இரண்டு வீட்டாரும் நின்றிருந்தார்கள்.

"அவருதாங்க" என்றாள். "அவரேதான் கட்டுனாரு."

அவர் எழுதி முடிக்கும்வரை அவள் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை.