அப்பாவைச் சேர்த்தால்

"அப்பாவையும் சேத்து எழுதுங்க மேடம்" என்றார் பஸ் டிரைவர்.

நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கடன் மேஜையில் உட்கார்ந்தே தலை நரைத்தவள் நான்.

அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவர் பஸ் ஓட்டுகிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் முன்பணத்துக்குச் சரியாக இருந்தது.

ஆனால் வங்கி அதோடு விடாது. சம்பளத்தைப் பார்த்துவிட்டு, அந்தச் சம்பளத்தை நம்பி எத்தனை வாய் என்று கேட்கும். ஒவ்வொரு வாய்க்கும் கடன் தொகையில் ஒரு வெட்டு விழும்.

இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளை முதலிலேயே எழுதியாகிவிட்டது. இப்போது அவர்களோடு வந்திருந்த பெரியவரை எழுதினேன். உறவு என்ற கட்டத்தில் 'அப்பா' என்று அடித்ததும் தொகை சரசரவென்று இறங்கியது. அவர்கள் கேட்ட மூன்று அறை வீட்டுக்கு எட்டாது. இரண்டு அறை வீட்டுக்குத்தான் வரும்.

அந்த மூன்றாவது அறையே பெரியவருக்காகத்தான். இப்போது அவருக்கு ஹாலில் இருக்கும் சோபாதான் படுக்கை. டிவி அணைகிற வரைக்கும் தூக்கம் கிடையாது. மடியில் வைத்திருந்த வீட்டு வரைபடத்தில், ஜன்னலோரமாகக் கட்டில் எங்கே வரும் என்று பென்சிலால் கோடுகூடப் போட்டு வைத்திருந்தார்.

அவரைக் கணக்கில் சேர்த்தால் அவருக்கு அறை இல்லை. சேர்க்காவிட்டால் உண்டு. இந்தக் கணக்கைப் போட்ட மகராசன் யாரென்று எனக்கும் தெரியாது.

இந்த மாதிரி நேரத்தில் கேட்பதற்கென்றே எங்களிடம் ஒரு கேள்வி இருக்கிறது. கேட்கிற குரலிலேயே பதிலையும் எடுத்துக் கொடுத்துவிடுவோம்.

"ஐயாவுக்கு வேற பிள்ளைங்க இருக்காங்களா? இவரு அவங்ககூட இருக்காரா?"

பெரியவர் கப்பென்று பிடித்துக்கொண்டார். "ஒரு பையன் இருக்கான்மா. நான் அவன்கூடத்தான் இருக்கேன். இங்க சும்மா வந்துட்டுப் போறவன்." சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. பென்சில் கோட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

மருமகள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. பெரிய மனிதர் இவ்வளவு தூரம் இறங்கி வருகிறார், மரியாதைக்காவது ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லக் கூடாதா? மருமகள்கள் எல்லாம் ஒரே அச்சுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுத்தது டிரைவர்தான். "அவரு எங்ககூடத்தான் இருக்காரு மேடம். இல்லன்னு எழுதி ஒரு ரூம் வேணாம். இருக்கிற ரெண்டு ரூம்ல ஒண்ணு அப்பாவுக்கு, ஒண்ணு பாப்பாவுக்கு. நாங்க ஹால்ல படுத்துக்கறோம்."

"எங்கேருந்துதான் வந்துச்சோ இந்தப் பிடிவாதம்" என்று முனகினார் பெரியவர்.

"உங்ககிட்டேருந்துதான்" என்று நான் சிரித்தேன். கூடச் சிரிக்க ஆளில்லை.

அடையாள அட்டைகளுக்கு ஜெராக்ஸ் வேண்டும் என்றதும் ஆண்கள் இருவரும் எழுந்து போனார்கள். வாசல் படியில் டிரைவர் பெரியவரின் முழங்கையைப் பிடித்து இறக்கிவிடுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

மருமகள் தலை நிமிர்ந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"மாமா சொன்ன பையன் என்னோட முதல் வீட்டுக்காரர் மேடம். மாமாவுக்கு ஒரே பிள்ளை. பாப்பா பொறந்த வருஷம் தவறிட்டாரு. அப்புறம்தான் இவரைக் கட்டிக்கிட்டேன். மாமாவைத் தனியா விட வேணாம்னு கூட்டிட்டு வந்தது இவருதான்."

அவளைப் பற்றி நினைத்ததற்கு வெட்கமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் மூளை வேலை செய்தது. எங்கள் விதிப்படி, கடன் வாங்கும் இருவரில் ஒருவரையாவது பெற்றவராக இருந்தால்தான் ஒரு பெரியவரைக் கணக்கில் சேர்க்க வேண்டும். இவரைச் சேர்க்க வேண்டியதே இல்லை. வங்கியைப் பொறுத்தவரை இவர் இந்த வீட்டுக்கு யாருமே இல்லை.

'அப்பா' என்று அடித்திருந்த வரியை அழித்தேன். தொகை பழையபடி ஏறி நின்றது. மருமகள் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவர்கள் ஜெராக்ஸோடு திரும்பி வந்தார்கள்.

"கணக்கைத் தப்பாப் போட்டுட்டேன். மூணு ரூம் வீட்டுக்கே வருது" என்றேன்.

பெரியவர் அவசரமாக வரைபடத்தைப் பிரித்தார். டிரைவர் மட்டும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"அப்பாவைச் சேத்துத்தானே மேடம்?"

"சேத்துத்தான்" என்றேன்.