வீட்டுக்கு மூன்று

மணி மூன்றே முக்காலுக்கு ஓவனிலிருந்து ரொட்டியை எடுத்தேன்.

வட்டமான கேக் தட்டில் இருபத்தைந்து உருண்டைகள், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, பொன்னிறமாக. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு துண்டு சீஸ். மேலே பூண்டு போட்டு உருக்கிய வெண்ணெய். மாடியில் எட்டு வீடுகள். வீட்டுக்கு மூன்று. எனக்கு ஒன்று.

காலையிலேயே மாவைப் பிசைந்து மூடி வைத்திருந்தேன். உப்பி வந்ததும் உருட்டி, சீஸை உள்ளே வைத்து, வாயை இறுக்கி மூடினேன். சரியாக மூடாத உருண்டை சூடு பட்டதும் உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிவிடும். பல நாள் பேசாதவனைப் பேசவிட்டாலும் அதே கதிதான்.

இதற்குக் கத்தி தேவையில்லை. நடுவில் வைத்துவிட்டு ஆளுக்கொன்றாகப் பிய்த்துத் தின்ன வேண்டும். தனியாகச் சாப்பிடுகிறவன் செய்கிற பண்டமே இல்லை.

அதனால்தான் செய்தேன்.

போன மாதம் காய்ச்சலோடு கிளினிக்குக்குப் போனபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘அவசரத்துக்கு யாரை அழைக்கலாம்?’ என்ற இடத்தில் வெகுநேரம் யோசித்துவிட்டு என் எண்ணையே எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த அம்மா படித்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

எனக்கு ஊரைக் கூட்ட வேண்டாம். இந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு ஆள் போதும். ‘அவரை எனக்குத் தெரியுமே’ என்று சொல்ல ஒரு ஆள்.

மிக்ஸி, வாஷிங் மெஷினோடு பெட்டிக்குள் வருகிற கையேடுகளை எழுதுவது என் வேலை. வீட்டில் உட்கார்ந்தபடியே செய்வது. அழைப்பையும் அந்தப் புத்தியோடுதான் எழுதினேன்: ‘ஞாயிறு மாலை நான்கு மணி. கீழ்த்தளம். சீஸ் ரொட்டி. வெறுங்கையோடு வரவும். மணி அடிக்காது, கதவைத் தட்டவும்.’

வியாழக்கிழமை மாலை அதை லிஃப்டுக்குள் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். கீழ்த்தளத்துக்காரனுக்கு லிஃப்டில் என்ன வேலை? ஆனால் எட்டு வீட்டுக்காரர்களும் அதில்தான் ஏறி இறங்க வேண்டும். ஒட்டுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அதற்குப் பிறகு வெளியே போகவில்லை.

இரண்டு நாளாகவே எல்லோரும் படியில் ஏறி இறங்குவது கேட்டது. உடம்பைக் குறைக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். நல்லதுதான், பசியோடு வருவார்கள்.

மணி நான்கு. படிக்கட்டுப் பக்கம் காலடிச் சத்தம். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கதவருகே போய் நின்றேன். சத்தம் மேலே ஏறிப் போய்விட்டது.

நான்கேகால். இன்னொரு சத்தம். இரண்டு பேர், கூட ஒரு குழந்தை. அதுவும் மேலேதான்.

நான்கரைக்கு ரொட்டி ஆறி, சீஸ் இறுகத் தொடங்கியது. மறுபடி ஓவனில் வைத்தேன். ஐந்து மணிக்கு இன்னொரு தடவை. மூன்றாவது தடவை வைத்தபோது எனக்கே என்மேல் கோபம் வந்தது.

ஈ காக்கா கூட எட்டிப் பார்க்கவில்லை. அழைக்காமல் வருகிறவனுக்காவது அழையா விருந்தாளி என்று ஒரு பெயர் இருக்கிறது. அழைத்தும் யாரும் வராதவனுக்கு என்ன பெயர்?

தட்டுகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள்.

நீலச் சட்டை, கையெல்லாம் கிரீஸ். லிஃப்ட் மெக்கானிக்.

“சார், கை கழுவக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா? வியாழக்கிழமை ராத்திரி மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல போய் மாட்டிக்கிச்சு. இப்பதான் கீழ இறக்கினேன்.”

போன உயிர் திரும்பி வந்தது.

யாரும் என்னை ஒதுக்கவில்லை. யாருக்கும் தெரியவே இல்லை. எட்டு வீட்டுக்காரர்களும் மூன்று நாளாகப் படியேறி மூச்சு வாங்கியிருக்கிறார்கள், என் அழைப்பு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

சோப்பைக் கொடுத்தேன். துண்டைக் கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்றவரை மேஜை முன்னால் உட்காரவைத்தேன். அவர் ஒரு உருண்டையைப் பிடித்து இழுத்தார். சீஸ் முழ நீளத்துக்கு இழுபட்டு வந்தது. அதை எப்படி அறுப்பதென்று தெரியாமல் இரண்டு பேரும் சிரித்தோம். ஆற அமர நான்கு உருண்டைகள் சாப்பிட்டார். வீட்டுக்கு எடுத்துப்போக ஆறு கட்டிக்கொடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி செய்யலாம். அதே அழைப்பு, தேதி மட்டும் வேறு. நினைத்ததும் எனக்கும் பசித்தது.

கிளம்பும்போது அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். “உள்ள ஒட்டியிருந்துச்சு. உங்களோடதுதானே?”

என்னுடையதுதான். கீழே பென்சிலால், லிஃப்ட் நிற்பதற்கு முன் ஏறிய யாரோ எழுதியிருந்தார்கள்: ‘பாவம், புதுசா குடிவந்திருக்கார் போல. யாராவது போயிட்டு வாங்கப்பா.’

மெக்கானிக்கும் அதைப் படித்திருக்க வேண்டும். “எப்ப சார் இங்க குடிவந்தீங்க?” என்று அக்கறையாகக் கேட்டார்.

இந்த வீட்டில் எனக்குப் பதினோரு வருடம் முடிந்துவிட்டது.

“போன வாரந்தான்” என்றேன்.